முதுகில் ஒரு வெள்ளைக் கோடு

பேச்சிமுத்து துணியை உதறிக் கழுத்தில் சுற்றிக் கிளிப்பை மாட்டும்போதே ஆவுடையப்பனுக்கு விளங்கிவிட்டது, இன்றைக்கு இந்தச் சலூனில் கத்திரிக்கோலைவிட வாய்தான் அதிகம் ஓடப்போகிறது என்று. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மின்விசிறி, வெட்டிப்போட்ட முடியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாற்றிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி வாங்க, நீங்க முதல்ல உட்காருங்க" என்று அவர் நுழைந்ததுமே பேச்சிமுத்து நாற்காலியைத் துண்டால் தட்டிக் கொடுத்திருந்தான். பெஞ்சில் மூன்று பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அதில் ஒருவன் ஒரு மணி நேரமாகக் காத்திருந்து, தினசரித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியே போயிருந்தான். இருந்தாலும் அண்ணாச்சிக்குத்தான் முதல் மரியாதை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் மருமகள்கூட காபியை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள், கையில் தருவதில்லை. ஆவுடையப்பன் நுழைந்தால் நாற்காலியைத் தட்டிக் கொடுக்கிற இடம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம். அதற்காகத்தான் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற ஏசி சலூனை விட்டுவிட்டு வாரம் தவறாமல் இரண்டு பஸ் நிறுத்தம் நடந்து இங்கே வருகிறார். அந்த மரியாதைக்கு விலையாக இவன்கள் பேச்சையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. "ஏழு மணிக்கு டாண்ணு போட்டுருவாம்லா" என்றான் ஆட்டோக்காரன் ஐகோர்ட்துரை. சாமி பேர்தான், ஆனாலும் இந்த மூஞ்சிக்கு முன்சீப் கோர்ட்டே அதிகம். "இன்னைக்குச் சாயங்காலம் எவன் கூப்பிட்டாலும் சவாரி கெடையாது." பக்கத்தில் இருந்தவன் பூதத்தான், ரேஷன் கடையில் எடை போடுகிறவன். "ஒம்போது வருஷமா அழுது நம்மளையும் அழவச்ச மனுசன் வே. அவரு கொலை பண்ணுவாருன்னு நெனைக்கவே முடியல" என்று அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு நடிகனுக்கு. பெரிய நடிகனுமில்லை, மத்தியானச் சீரியலில் பெரியண்ணனாக வந்து, தம்பி தங்கைகளுக்காகச் சொத்தை எழுதிக்கொடுத்து, சோற்றை விட்டுக்கொடுத்து, கடைசியில் ஒரு சிறுநீரகத்தையும் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற பரிதிராஜன். அவன் இன்றைக்கு முதல் தடவையாக வில்லனாக வருகிறானாம், வேறொரு சேனலில், போலீஸ் தொடரில், ஒரே ஒரு வாரத்துக்கு, சிறப்புத் தோற்றமாம். அதற்கு வண்ணார்பேட்டையில் ஃப்ளெக்ஸ். 'எங்கள் மண்ணின் மைந்தனே, கெட்டவனாக வா' என்று எழுதி, கீழே நாற்பது பேர் பாஸ்போர்ட் சைஸில் சிரிக்கிறார்கள். இவன்களுக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அதை ரேஷன் கடைத் தராசிலேயே நிறுத்துவிடலாம், பூதத்தான் அதிலும் ஐம்பது கிராம் அடித்துவிடுவான்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தலையில் தண்ணீர் புஸ்ஸென்று பட்டது, சீப்பு உச்சியைக் கீறியது, கத்திரிக்கோல் காதோரம் வந்து பேசிவிட்டுப் போனது. பரிதியாம், ராஜனாம். சுடலைக்கண்ணு. பெற்ற தாய் வைத்த பெயர் அது. இரண்டு வருஷம் ஆவுடையப்பனுக்குக் கீழே சேலை மடித்தபோதும் அதுதான் பெயர். டவுன் ரதவீதியில் பூரணம் ஜவுளி மாளிகை என்றால் மூன்று மாடி, நூற்றிருபது வேலையாட்கள். அத்தனை பேருக்கும் மேலே மேனேஜர் ஆவுடையப்பன். இரண்டாம் மாடி காட்டன் பிரிவில், சட்டைக் காலர் நைந்து, ஒல்லியாக ஒருவன் நிற்பான், அவன்தான் இன்றைக்கு மண்ணின் மைந்தன். வாடிக்கை வந்தால் முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டிப் பெண்களைச் சிரிக்க வைப்பான். சேலை விற்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூத்தாடித்தனம் அப்போதே இருந்தது. இந்தச் சலூனில் எத்தனை வாரம் இவன்கள் அவனைப் பற்றி உருகியிருக்கிறார்கள், 'அவன் என்கிட்ட வேலை பார்த்தவன்டா' என்று ஒரு வார்த்தை விட்டெறிந்தால் அடுத்த வாரம் நாற்காலியில் மெத்தையே போட்டிருப்பான் பேச்சிமுத்து. சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்தது, 'அவரு உங்களைப் பத்தி என்ன சொல்லுவாரு அண்ணாச்சி?' என்று இவன்கள் திருப்பிக் கேட்பார்கள், அதுதான். மூடிய கண்ணுக்கு மேலே டிவியில் விளம்பரம் ஓடி முடிந்து, அடுத்ததாக வயலினை யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு இசை வந்தது. "போட்டுட்டான், போட்டுட்டான், சத்தத்தைக் கூட்டு" என்று ஐகோர்ட்துரை அலறினான். பேச்சிமுத்துவின் கத்திரிக்கோல் நின்றது. பிறகு ஒரு குரல் வந்தது, மெதுவாக, தாலாட்டுப் பாடப்போகிறவன் மாதிரி. "என்ன ராசா, கால் வலிக்கா?"

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். டிவி பின்சுவரில் இருந்தது, அவருக்கு அது எதிரே கண்ணாடிக்குள் தெரிந்தது, எழுத்தெல்லாம் புரண்டு கிடந்தது. வெள்ளைச் சட்டை, முழுக்கை, தங்க ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கிற ஒருவன். அவனுக்கு எதிரே ஒரு ஆள் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறான், முழங்கால் ஆடுகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவன் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறான். பிறகு திரை இருட்டாகி, கீழே விழுகிற சத்தம் மட்டும். புரண்ட எழுத்தில் 'இன்று மாலை 7 மணி'. அதற்குக் கீழே, அந்தக் கண்ணாடியிலேயே, துணி கட்டிய ஆவுடையப்பனின் தலை, மூக்கில் அதே தங்க ஃபிரேம் கண்ணாடி. துணிக்குள்ளே அவர் கை தானாக வேட்டி நுனியைத் தேடிக்கொண்டிருந்தது, சட்டென்று நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின வார்த்தை. மெட்ராஸில் நடக்கிற கதையாம், போலீஸ்காரனெல்லாம் மெட்ராஸ் பாஷை பேசுகிறானாம், இவன் மட்டும் 'வலிக்கா' என்கிறான். "நம்ம ஊருப் பேச்சு பாத்தியளா அண்ணாச்சி, மறக்காம வச்சிருக்காரு" என்று பேச்சிமுத்து பூரித்தான். மறக்கவில்லை. எதையுமே மறக்கவில்லை, பாவி. ராசா என்று இழுக்கிற அந்த இழுப்பைக்கூட. ஒரு நாய்க்குச் சோறு போட்டால்கூட வாலை ஆட்டும், இரண்டு வருஷம் சோறு போட்ட கடையை இவன் டிவியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். இல்லை, இருக்காது. கால் வலிக்கிறதா என்று கேட்பது பெரிய தேவபாஷையா? எந்த ஊரில் எந்த மனுஷனும் கேட்பான். டாக்டர் கேட்பான். தற்செயல்.

"முந்தி போட்ட விளம்பரத்துல, செத்துக் கெடக்க மூணு பேரு முதுகுலயும் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு. சாக்பீஸ்ல போட்ட மாதிரி. அது என்னங்கதுதான் சஸ்பென்ஸே" என்றான் ஐகோர்ட்துரை. தற்செயல் அங்கேயே செத்தது. பூதத்தான் விரலை ஆட்டினான். "எண் கணிதம் வே அது. ஒண்ணு. செத்தவன் பூராவும் ஒண்ணாந்தேதி பொறந்தவனா இருப்பான், பாரும்." "சாக்பீஸ்னா வாத்தியாருதான்" என்றான் பேச்சிமுத்து. "சின்ன வயசுல வாத்தியாரு அடிச்சிருப்பாரு, அந்தக் கடுப்பு." "யூடியூப்ல ஒருத்தன் சொல்லுதான், அது லட்சுமணன் போட்ட கோடு மாதிரியாம். தாண்டினவனைக் கொல்லுதானாம்" என்றான் ஐகோர்ட்துரை. எண் கணிதம்! லட்சுமணன்! இவன்கள் வாக்களித்துத்தான் நாட்டில் ஆட்சி நடக்கிறது. பதினைந்து நாளாக ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிற அந்தக் கோட்டுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான், அதைக் கண்டுபிடித்தவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கேட்கத்தான் நாதியில்லை. பூரணத்தில் காலை ஒன்பதிலிருந்து கடை மூடும்வரை வேலையாள் உட்காரக் கூடாது. அது முதலாளி போட்ட சட்டம். எல்லாக் கடையிலும் இருந்த சட்டம்தான். ஆனால் நிற்கிறவன் சாய்வான். ஆள் பார்க்காத நேரம் பின்னாலிருக்கிற அலமாரி விளிம்பில் முதுகைக் கொடுத்து அரைத் தூக்கம் போடுவான். வாடிக்கை படியேறி வரும்போது சாய்ந்து நிற்கிறவனைப் பார்த்தால் கடையே நோய்வாய்ப்பட்ட மாதிரித் தெரியும். மற்ற கடை மேனேஜர்கள் கத்தினார்கள், திட்டினார்கள், சிலர் கை நீட்டினார்கள். ஆவுடையப்பன் கத்தவில்லை. தையல்காரர்கள் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை வாங்கிவந்து, தினம் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், அலமாரி விளிம்பு முழுக்கத் தேய்த்துவிடுவார். கடை மூடும்போது எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, 'திரும்பு' என்பார். சாய்ந்தவன் முதுகில் கோடு. அவ்வளவுதான். வசவில்லை, அடியில்லை. கோடு விழுந்தவன் மறுநாள் முழுக்க வாசலில், வெயிலில், கைகூப்பிக்கொண்டு 'வாங்கம்மா வாங்க' சொல்ல வேண்டும். மத்தியானம் பக்கத்தில் போய் நின்று, காலைப் பார்த்து, அந்த ஒரு கேள்வி. 'இல்ல சார்' என்பான். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், ஒருத்தன்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. முதலாளி கேள்விப்பட்டு, "ஆவுடையப்பா, உனக்கு மூளை இருக்குவே" என்று சொன்னார். முதலாளி வாயால் அப்படி ஒரு வார்த்தை வாங்கினவன் அந்தக் கடையில் வேறு கிடையாது. அந்த மூளையை இன்றைக்கு ஒரு கூத்தாடி கொலைகாரன் மண்டைக்குள் வைத்து விற்கிறான்.

"தலையைக் குனிங்க அண்ணாச்சி" என்று பேச்சிமுத்து பின்மண்டையைப் பிடித்து அழுத்தினான். குனிந்தால் தரைதான். முடி, உதிர்ந்த சோப்பு நுரை, பேச்சிமுத்துவின் ரப்பர் செருப்புக் கால்கள். இடது காலைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்க்கிறான். ஆறு மணிக்குக் கடை திறந்தவன், ஐந்து மணி நேரமாக நிற்கிறான், பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறான். கால்களைப் படிப்பது ஆவுடையப்பனுக்கு மற்றவர்கள் பேப்பர் படிக்கிற மாதிரி. நூற்றிருபது பேரில் பாதிப்பேர் முகம் அவருக்குத் தெரியாது, நூற்றிருபது ஜோடிக் காலும் தெரியும். பெஞ்சிலிருந்து வழியை அடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கால்கள் நீண்டு கிடந்தன, அந்தத் தூங்குமூஞ்சியின் கால்கள். பொது இடம் என்கிற நினைப்பு வேண்டாமா, பெண்டாட்டி வீட்டுக் கட்டில் மாதிரி சுவரில் சாய்ந்து நீட்டிக்கொண்டு. கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் புழுவாகச் சுருண்டு சுருண்டு கிடந்தது. வலது பாதத்தில் இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கேயோ பார்த்த கால். எங்கே? நரம்புச் சுருட்டு ஆயிரம் பேருக்கு இருக்கும். ஆவுடையப்பனுக்கே இருக்கிறது, வேட்டிக்குள்ளே, இரண்டு காலிலும், அது யாருக்குத் தெரியும்? அவரும்தான் நின்றார். முப்பத்தோரு வருஷம். மேனேஜர் என்று சொல்லி நாற்காலி போட்டுக் கொடுத்தார்களா? முதலாளி ஒருவர்தான் உட்காருவார், கல்லாவில், சாமி படத்துக்குக் கீழே. நிற்க வைத்தவன் உட்கார்ந்துகொண்டு வைத்தான் என்றால் அது கொடுமை. இவர் நின்றுகொண்டுதானே வைத்தார். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும், ஆவுடையப்பன் பாடித்தான் கறந்தார், ராசா என்றுதான் சொன்னார், தாயி என்றுதான் சொன்னார். அந்த விரல், பெருவிரல் மேல் ஏறின அந்த விரல். சனியன், கண்ணை மூடினாலும் தெரிகிறது.

தாயி என்றதும் செண்பகம் வந்து நின்றாள். வரக்கூடாது என்று நினைத்தாலே வந்துவிடுவாள். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரே வாரத்தில் மூன்று தடவை அவள் முதுகில் கோடு. மூன்று தடவையும் மறுநாள் வாசல். முழுகாமல் இருந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள். சொல்லாமல் இருந்தது அவள் குற்றம்தானே? ஏழாம் நாள் அவளை மாடிக்கு அனுப்பினார். படிப்பக்கம் போய் நின்று கேட்டார், என்ன தாயி, கால் வலிக்கா? இல்ல சார் என்றாள். அரைமணி நேரம் கழித்து, முப்பது பட்டுச்சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினவள் பாதிப் படியில் சரிந்தாள். சத்தமே வரவில்லை, பட்டு கீழே இருந்ததால். ஆட்கள் ஓடிவந்தார்கள். வாடிக்கைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது, அரக்குச் சேலையின் ஓரத்தைத் தொடப்போனது, அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "முதல்ல சேலையை எடுங்க." மெதுவாகத்தான் சொன்னார். ஒரு ஜோடிக் கால் தயங்கியது, பிறகு குனிந்தது, சேலையை எடுத்தது. சுடலைக்கண்ணு குனியவில்லை. எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தூக்கிவந்து, வாடிக்கைகள் எல்லாரும் பார்க்க, கடை நடுவில் போட்டு, செண்பகத்தைத் தூக்கி அதில் உட்கார வைத்தான். வேலையாள் உட்கார்ந்ததை அந்தக் கடை அன்றைக்குத்தான் பார்த்தது. சாயங்காலமே அவனை நிறுத்தியாயிற்று. செண்பகம் அப்புறம் வரவில்லை. அவளுக்கு என்ன ஆனதென்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. கேட்டால் கடை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவராகவும் கேட்டிருக்கலாம். வீடு தெரியும், பேட்டையில், ரயில்வே கேட் பக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறார், கேட் சாத்தியிருந்தால்கூட இறங்கினதில்லை.

"நிமிருங்க." முகத்துக்கு நுரை வந்தது. பிரஷ் கன்னத்தில் சுற்றச் சுற்ற ஆவுடையப்பன் மறைந்துகொண்டே போனார். கண்ணாடியில் இப்போது ஒரு வெள்ளைத் தாடியும் இரண்டு கண்ணும்தான். அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? இருந்தது, கனம். ஏழு மணிக்குச் சுடலைக்கண்ணு அந்த முக்காலியையும் காட்டுவானா? சேலையை? பெயரைச் சொல்வானா? நாளைக்கு ஏதாவது பேட்டியில், 'எங்க ஊரில் ஒரு மேனேஜர் இருந்தார்' என்று ஆரம்பித்தால்? பூரணம் மூடி ஐந்து வருஷம், முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கே நின்றவர்கள் திருப்பூர், சூரத் என்று சிதறிவிட்டார்கள். இந்தச் சலூனில் அவரை எல்லாரும் ஜவுளிக்கடையில் மேனேஜராக இருந்த அண்ணாச்சி என்று மட்டும்தான் அறிவார்கள். அது போதும், அப்படியே இருக்கட்டும். இன்னும் பத்து வருஷமோ பன்னிரண்டு வருஷமோ, நாற்காலியைத் தட்டிக் கொடுக்க ஒரு கை இருக்கட்டும். வேறென்ன கேட்கிறார் அவர்? பேச்சிமுத்து பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் சொருகினான். வலது கன்னத்தில் முதல் இழுப்பு. "வே, இங்க பாரும்" என்று பூதத்தானைத் தட்டிவிட்டு ஐகோர்ட்துரை எழுந்து நின்றான். இல்லாத கண்ணாடியைக் கழற்றினான், சட்டை நுனியால் துடைத்தான், கண்ணை உருட்டினான். "என்ன ராசா! கால் வலிக்கா!" கழுதை கனைக்கிற மாதிரி. "நீரு வில்லனா, வெத்தலை யாவாரியா?" என்று பூதத்தான் சிரித்தான். "பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லணும் வே." அவனே பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை ஐகோர்ட்துரையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். "கால்ல்... வலிக்க்கா..." இவனுக்கு வயிற்றுவலி. "ரெண்டு பேருக்கும் வரல" என்றான் பேச்சிமுத்து, கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவன் பங்குக்கு, பேய்ச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டுச் சொன்னான். நாளைக்கு ஊர் பூராவும் இப்படித்தான். டீக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், ஆளாளுக்கு உருட்டுவான், கனைப்பான், சிரிப்பான். முப்பத்தோரு வருஷம் ஒருவன் செதுக்கி வைத்ததை இந்த வெறும்பயல்கள் பிய்த்துப் போடுவார்கள். அந்தக் கேள்வியில் சிரிப்பு உண்டா? பல்லுக்கு அதில் என்ன வேலை? வலது கன்னம் முடிந்தது. சும்மா இரு, ஆவுடையப்பா. ஐகோர்ட்துரை மறுபடி கனைத்தான். சும்மா இரு. இடது கன்னத்துக்குக் கத்தி வரவேண்டியிருந்தது, பேச்சிமுத்து மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

"அப்படி இல்லடா" என்றார் ஆவுடையப்பன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்றும் தெரிந்தது. ஆனாலும் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள், அப்படி மூன்று பேர் அவர் பேச்சுக்காகக் காத்திருந்து ஆறு வருஷமாயிற்று. "சத்தம் போடக் கூடாது. சிரிக்கக் கூடாது. முகத்தைப் பார்க்கவே கூடாது, காலைத்தான் பார்க்கணும். பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும். உட்காரச் சொல்லப் போறாருன்னு அவனுக்கே ஒரு நம்பிக்கை வரணும். வந்த பிறகு கேட்கணும்." கண்ணாடியைக் கழற்றினார். துணிக்கடியிலிருந்து வேட்டி நுனியை எடுத்து, ஒரு வில்லை, இன்னொரு வில்லை, துடைத்தார். மாட்டிக்கொண்டார். பேச்சிமுத்துவின் கால்களைப் பார்த்தார், இடது கால் தூக்கியிருந்தது. காத்திருந்தார். "என்ன ராசா," என்றார், "கால் வலிக்கா?" பேச்சிமுத்துவின் இடது கால் தரைக்கு இறங்கி வலது காலோடு ஒட்டி நின்றது. ஐகோர்ட்துரை கைதட்டுவதற்குக் கையைத் தூக்கினான். அப்போது பெஞ்சின் ஓரத்தில் தினசரித்தாள் சரிந்து விழுந்தது, தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்க, கால்களைச் சேர்த்து, தலையைக் குனிந்து நின்றான். "இல்ல சார்" என்றான். பிறகு அவன் வலது கை தானாக முதுகுக்குப் போயிற்று. நீலச் சட்டையின் முதுகில், சலூன் சுவரில் சாய்ந்திருந்த இடத்தில், குறுக்கே சுண்ணாம்பு பட்டையாக ஒட்டியிருந்தது. அதை அவன் தட்டினான், ஒரு தடவை, இரண்டு தடவை, அவசர அவசரமாக, யாரும் பார்ப்பதற்குள்ளே.

மாசானம். மூன்றாம் மாடி, பட்டு. கண்ணாடிக்குள் தெரிந்த முகம் யாருடையதோ. பெருவிரல் மேல் ஏறின அந்த விரல்தான் மாசானம். குனிந்து சேலையை எடுத்த கால். ஐகோர்ட்துரையின் கைகள் தட்டாமலே நின்றுவிட்டன. அவன் சுவரைப் பார்த்தான், அந்த முதுகைப் பார்த்தான், பறந்துகொண்டிருந்த வெள்ளைத் தூசியைப் பார்த்தான், கடைசியாகக் கண்ணாடிக்குள் ஆவுடையப்பனைப் பார்த்தான். பதினைந்து நாளாக யூடியூபில் தேடியது அவன் முகத்தில் மெதுவாக வந்து சேர்ந்தது. "சாய்ஞ்சவனைக் கண்டுபிடிக்கதுக்கா அந்தக் கோடு?" என்றான், யாரிடமும் இல்லாமல். "அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று பேச்சிமுத்து கேட்டான். "பதினோரு வருஷம் சார்கிட்ட நின்னேன்" என்றான் மாசானம். இப்போது முழுதாக விழித்துவிட்டான், எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை. "உட்காரும்வே, நீரு உட்காரும்" என்று பூதத்தான் கையைப் பிடித்து இழுத்தான். அவன் உட்காரவில்லை. கண் கண்ணாடிக்குள் ஆவுடையப்பன் மேல் இருந்தது. காத்துக்கொண்டிருந்தான், அல்லது என்னதான் செய்கிறார் பார்க்கலாம் என்று நின்றான், எது என்று சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு சொல். அதை ஆவுடையப்பன் வாடிக்கைகளிடம் ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை சொல்லியிருக்கிறார், உட்காருங்கம்மா, உட்காருங்க சார், குழந்தையை இப்படி உட்கார வைங்க. வாயைத் திறந்தார். நுரை உதட்டில் புகுந்து கசந்தது. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வரவில்லை. வந்ததெல்லாம் வழக்கமான இளக்காரம்தான், பதினோரு வருஷம் நின்றும் நிற்கத் தெரியவில்லையே இவனுக்கு, முழங்கால் வளைகிறதே என்று. அதுவும் அந்த நரம்புகளுக்கு முன்னால் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பேச்சிமுத்து கத்தியை மடக்கி மேசையில் வைத்தான். கழுத்துக் கிளிப்பைக் கழற்றினான். "எந்திரிங்க அண்ணாச்சி" என்றான். "பாதிதானேடா ஆயிருக்கு" என்றார் ஆவுடையப்பன். "எந்திரிங்க. அவரு ஒரு மணி நேரமா இருக்காரு. அவரு முறை." துணியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டினான், வேறு யாருக்கோ. ஆவுடையப்பன் எழுந்தார். இடது கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்தது. மாசானம் அவரைத் தாண்டிப் போய் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, பின்னால் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். டிவியில் மறுபடி அந்த வயலின் ஆரம்பித்தது, ஐகோர்ட்துரை எட்டி அதை அணைத்தான். பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. உட்காருங்க என்று சொல்ல யாருமில்லை, சொல்லாமல் உட்கார அவருக்கும் தோன்றவில்லை. ஆவுடையப்பன் சுவரில் முதுகு படாமல் நின்றார். கால் வலித்தது.